சஸ்காட்சுவான் குளிரில் அறுவடை இயந்திரத்தையும் மருந்து தெளிப்பானையும் எப்படி நிறுத்திவைப்பது?

முதலில் தெளிப்பானைக் கவனியுங்கள். அதிகம் சேதமாவது அதுதான். கனடாவின் அந்தச் சமவெளியில் வெப்பநிலை மைனஸ் 40 டிகிரி வரை இறங்கும். தண்ணீர் உறையும்போது ஏறக்குறைய 9 சதவீதம் விரியும், வார்ப்பிரும்பே வெடித்துவிடும். ஆகவே தொட்டியை வடித்தால் மட்டும் போதாது. பம்பு, வடிகட்டி, குழாய் வளைவுகளில் நீர் தேங்கியிருக்கும். நன்றாகக் கழுவிவிட்டு, புரோப்பிலீன் கிளைக்கால் உறைதடுப்புத் திரவத்தை ஊற்றி, மருந்து பீச்சும் ஒவ்வொரு முனையிலும் அதன் நிறம் தெரியும்வரை பம்பை ஓடவிடுங்கள்.

இன்ஜின் ரேடியேட்டரில் எத்திலீன் கிளைக்காலும் தண்ணீரும் சரிபாதி இருந்தால் சுமார் மைனஸ் 37 வரைதான் தாங்கும். அங்கே கிளைக்கால் 60 சதவீதம் உள்ள கலவையே நல்லது. பழைய ஆயிலில் அமிலம் சேர்ந்திருக்கும். அது மாதக்கணக்கில் பேரிங்குகளை அரிக்கும். வசந்தத்தில் மாற்றலாம் என்று தள்ளிப்போடாமல் இப்போதே மாற்றுங்கள்.

பேட்டரிக்கு முழுச் சார்ஜ் ஏற்றிவிடுங்கள். சார்ஜ் தீர்ந்த பேட்டரி மைனஸ் 10 டிகிரியிலேயே உறைந்துவிடும்.

அறுவடை இயந்திரத்துக்குள் தங்கிய தானியத்தையும் பதரையும் காற்றடித்து முழுவதும் வெளியேற்றுங்கள். அலுப்பான வேலைதான், ஆனால் தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள். தானியம் இருந்தால் எலி வரும்; கூடு கட்டும்; மின்கம்பிகளைக் கடிக்கும். அறுந்த இடத்தைக் கண்டுபிடிக்கவே நாள்கணக்கில் ஆகும்.