தாசில்தாருக்கும் எனக்கும் ஒரே நாளில் ரத்தப் பரிசோதனை

மும்பையின் செம்பூருக்குக் குடிவந்து முப்பத்திரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அதில் இருபத்தாறு ஆண்டுகள் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் ஊரார் கையில் ஊசி குத்தி ரத்தம் எடுத்தேன். இப்போது ஓய்வு. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் வந்துவிட்டதால் நான் கையை நீட்டுகிறேன், வேறு யாரோ குத்துகிறார்கள்.

வீட்டில் இரண்டு பூனைகள். மிளகு, பதினோரு வயதுக் கறுப்புப் பெண். தாசில்தார், ஏழு வயது ஆண். எதைக் கண்டாலும் மேற்பார்வையிட்டுவிட்டு அதிருப்தியோடு நகர்வதால் அந்தப் பெயர். இரண்டும் என்னைக் கடித்திருக்கின்றன. நான் டாக்டர் அல்ல, கால்நடை மருத்துவரும் அல்ல. இரண்டு வகை ஆஸ்பத்திரிகளின் பெஞ்சிலும் நிறைய உட்கார்ந்திருக்கிறேன். அந்தத் தகுதியில் உங்கள் கேள்விகளுக்குப் பதில் சொல்கிறேன்.

முலுண்டிலிருந்து: அக்கா, கூடையைப் பரணிலிருந்து இறக்கும் சத்தம் கேட்டாலே என் பூனை கட்டிலுக்கடியில் போய்விடுகிறது. பிடித்து அடைப்பதற்குள் என் கையெல்லாம் ரத்தம். டாக்டரிடம் கொடுத்த நேரமும் போய்விடுகிறது.

தவறு பூனையிடம் இல்லை, பரணில் இருக்கிறது. வருடத்துக்கு இரண்டு முறை மட்டும் இறங்கி, இரண்டு முறையும் ஊசியில் போய் முடிகிற பொருளைப் பார்த்து நீங்களாக இருந்தாலும் ஓடுவீர்கள். கூடையை இன்றே இறக்குங்கள். கதவைக் கழற்றிவிட்டு, உள்ளே நீங்கள் உடுத்திப் பழசான பருத்திப் புடவையை மடித்துப் போட்டு, கூடத்தில் ஒரு மூலையில் வையுங்கள். மூன்று நான்கு நாள் திரும்பிப் பார்க்காது. பிறகு வாசலில் இரண்டு நெத்திலிக் கருவாடு, மறுநாள் கொஞ்சம் உள்ளே, அப்புறம் கடைசி வரை. மிளகுக்கு இதற்கு ஆறு வாரம் ஆனது. இப்போது அவள் மதியத் தூக்கமே அதில்தான்.

புதிதாக வாங்குவதானால் மேல்மூடி திறக்கிற கூடையாக வாங்குங்கள். டாக்டர் மேலிருந்தே பார்த்துவிடலாம். கவிழ்த்து உலுக்க வேண்டியதில்லை.

போகிற நாளில் ஒரு மணி நேரம் முன்பே பூனையைச் சின்ன அறை ஒன்றில் விட்டுக் கதவைச் சாத்துங்கள். கட்டில் இல்லாத அறையாக இருக்கட்டும்! கிளம்பியதும் கூடைமேல் துணி போர்த்துங்கள். வண்டியில் மடியில் வேண்டாம். முன் இருக்கைக்குப் பின்னால் கீழே வைத்தால் ஆடாது. வயிறு நிறையத் தின்றுவிட்டுக் கிளம்பினால் வழியில் வாந்தி எடுக்கும். சில மணி நேரம் முன்பே தட்டை எடுத்துவிடுங்கள். சர்க்கரைப் பூனைக்கு மட்டும் இதை டாக்டரிடம் கேட்டுச் செய்யுங்கள்.

நான் பட்ட ஒரு பாடு. பரேலில் இருக்கும் விலங்கு மருத்துவமனைக்குப் போகும்போது ஆட்டோ சயானோடு நின்றுவிடும், அதற்கு மேல் டாக்சிதான் என்பது உங்களுக்குத் தெரியும். பத்து ரூபாய் மிச்சம் பிடிக்கிறேன் என்று சயான் சிக்னலில் இறங்கி, அலறுகிற தாசில்தாரோடு டாக்சிக்கு இருபது நிமிடம் நின்றேன். பஸ் நடத்துநர்கள்கூட எட்டிப் பார்த்தார்கள். அன்றிலிருந்து வீட்டு வாசலிலேயே டாக்சி. கணபதி பண்டிகையின் பத்து நாளில் லால்பாக், பரேல் பக்கம் பூனையோடு போகவே போகாதீர்கள்.

இத்தனையும் செய்து அடங்காவிட்டால் கால்நடை மருத்துவரிடம் காபபென்டின் என்ற மருந்தைப் பற்றிக் கேளுங்கள். கிளம்புவதற்கு ஏறத்தாழ இரண்டு மணி நேரம் முன்பு கொடுத்தால் பயம் தணிந்து சற்று மயங்கினாற்போல் இருக்கும். அளவை எடையும் சிறுநீரகமும் பார்த்து அவர்தான் சொல்ல வேண்டும். உங்கள் மாமனாரின் நரம்பு வலி மாத்திரையும் அதே பெயர்தான் என்பதற்காக அதிலிருந்து கிள்ளிக் கொடுக்காதீர்கள்.

டோம்பிவிலியிலிருந்து: இரண்டு பூனைகளும் ஒரே வயிற்றில் பிறந்தவை. ஒன்றை டாக்டரிடம் காட்டிவிட்டு வந்தால் மற்றது சீறுகிறது.

திரும்பி வந்தது தன் அக்கா என்றே அதற்குத் தெரியவில்லை. பூனைக்கு முகத்தைவிட மணம்தான் அடையாளம்; வந்தவளிடம் ஸ்பிரிட்டும் பயமும் மணக்கின்றன. ஓர் இரவு தனி அறையில் வையுங்கள். வீட்டில் இருந்ததை ஒரு துண்டால் துடைத்து, அதே துண்டால் வந்ததைத் துடையுங்கள். சமாதானப்படுத்துகிறேன் என்று இரண்டையும் முகத்துக்கு முகம் தூக்கிக் காட்டாதீர்கள்.

வாஷியிலிருந்து: பூனைக்கு டாக்டரிடம் சர்க்கரை 240 வந்தது. சர்க்கரை நோய்தானா? வீட்டில் நன்றாகத்தான் இருக்கிறது.

அந்த ஓர் எண்ணை வைத்து முடிவு கட்ட முடியாது. பயந்த பூனையின் ரத்தத்தில் சர்க்கரை அந்த நேரத்துக்கு மட்டும் எகிறும். ஃப்ரக்டோசமின் என்று ஒரு பரிசோதனை உண்டு. கடந்த இரண்டு மூன்று வாரங்கள் எப்படி இருந்தது என்று சொல்லும். நமக்கு எச்.பி.ஏ.1சி. இரண்டு மூன்று மாதக் கதையைச் சொல்வதுபோல. கூடவே வீட்டில் கவனியுங்கள்: தண்ணீர் அதிகம் குடிக்கிறதா, மணல் தட்டு முன்பைவிட நனைகிறதா, தின்றும் இளைக்கிறதா?

எனக்கும் இதே வியாதிதான். டாக்டர் அறையில் ரத்த அழுத்தம் 160, வீட்டில் 132. வெள்ளைக் கோட்டைக் கண்டால் ஏறுவது. மாத்திரையைக் கூட்டுவதற்கு முன் ஒரு வாரம் வீட்டில் காலையும் மாலையும் அளந்து எழுதி வரச் சொன்னார். சிறுநீர் கழித்துவிட்டு, ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் மேல் கால் போடாமல், பேசாமல் அளக்க வேண்டும். பேசாமல் இருப்பதுதான் எனக்குக் கஷ்டமாக இருந்தது.

தாராவியிலிருந்து: எனக்கும் இன்சுலின், பூனைக்கும் இன்சுலின். இரண்டும் ஒரே குளிர்பெட்டியில். ஏதாவது கவனிக்க வேண்டுமா அக்கா?

இதைக் கேட்டதற்கு உங்களுக்கு ஒரு நன்றி. நம் நாட்டுக் கடைகளில் இரண்டு அடர்த்தி விற்கிறது: ஒரு மில்லிக்கு 40 யூனிட், ஒரு மில்லிக்கு 100 யூனிட். இரண்டுக்கும் சிரிஞ்சு வேறு. 40-க்கானது பெரும்பாலும் சிவப்பு மூடி, 100-க்கானது ஆரஞ்சு மூடி. மூடி கழன்றுவிட்டால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். 40-க்கான சிரிஞ்சில் 100 மருந்தைப் பத்தாம் கோடு வரை இழுத்தால் உள்ளே போவது 25 யூனிட். பூனைக்கு அது உயிர்போகிற அளவு. மாற்றி எடுத்தால் பத்துக்குப் பதில் நான்குதான் போகும்.

இரண்டு டப்பா வையுங்கள். ஒன்றில் உங்கள் மருந்தும் உங்கள் சிரிஞ்சும், மற்றதில் பூனையுடையவை. வேறு வேறு தட்டில். நான் பூனை டப்பாவில் பெரிதாக மீசை வரைந்திருக்கிறேன், விளையாட்டுக்கு அல்ல. காலை ஆறு மணிக்குக் கண்ணாடி போடாமலும் அது தெரியும். பூனை சாப்பிடாத வேளையில் வழக்கமான அளவைப் போடாமல் டாக்டரைக் கேளுங்கள். தள்ளாடினாலோ துவண்டாலோ ஈறில் தேனைத் தடவிவிட்டு உடனே தூக்கிக்கொண்டு ஓடுங்கள்.

மாட்டுங்காவிலிருந்து: வீட்டுக்கு ரத்தம் எடுக்க வந்த பையனின் காலைப் பூனை பிராண்டிவிட்டது. இனி வர மாட்டேன் என்கிறான்.

அவன் பக்கம்தான் நான். காலை ஐந்தரைக்குக் கிளம்பி, பத்து வீடு ஏறி இறங்கி, எட்டு மணிக்குள் குழாய்களைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற பிள்ளை அவன். நரம்பில் ஊசி நிற்கும்போது பூனை தாவினால் உங்கள் கைதான் வீங்கும். அழைப்பு மணி அடிப்பதற்கு அரை மணி முன்பே பூனையை வேறு அறையில் விடுங்கள், தண்ணீரும் மணல் தட்டும் வைத்து. அவன் போன உடனேயும் திறக்க வேண்டாம். சிலிர்த்த பூனை அடுத்து கிடைக்கிற காலைத்தான் பிடிக்கும், அது உங்கள் காலாக இருக்கும்.

அந்தப் பையனுக்கு ஒரு காபி கொடுத்து மன்னிப்புக் கேளுங்கள். பிராண்டியதில் ரத்தம் வந்ததா என்றும் கேளுங்கள். ஏன் என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

கல்யாணிலிருந்து: என் வீட்டுப் பூனைதான் கடித்தது, சின்னக் கடி. மஞ்சள் வைத்தேன். போதும்தானே?

போதாது. பூனைப் பல் ஊசி மாதிரி. மேலே இரண்டு புள்ளி, உள்ளே ஆழமான குழி. கையிலும் விரல் மூட்டிலும் பட்டால் மறுநாளே வீங்கிச் சீழ் பிடிக்கும். என் கட்டை விரலுக்கு அப்படித்தான் ஆனது. மஞ்சளும் சுண்ணாம்பும் காப்பித்தூளும் காயத்தில் வேண்டாம். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிடம், கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். பிறகு அன்றைக்கே டாக்டர்.

ரேபீஸ் நாய்க்கு மட்டும் வருவது அல்ல. மாநகராட்சி மருத்துவமனைகளில் தடுப்பூசி இலவசம். தசையில் போட்டால் 0, 3, 7, 14, 28 ஆம் நாள்கள். தோலுக்குள் போட்டால் 0, 3, 7, 28. ரத்தம் வந்த கடியோ பிராண்டலோ ஆனால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்பு மருந்தும் போடுவார்கள். முன்பே முழுத் தடுப்பூசி போட்டவர்களுக்கு ஊசிகள் குறையும்; சீட்டைப் பத்திரமாக வையுங்கள். பூனைக்கு வருடாந்திரத் தடுப்பூசி போட்ட அட்டையையும் கையோடு கொண்டுபோங்கள்.

நெருலிலிருந்து: நான்காம் மாதம். பூனையை யாருக்காவது கொடுத்துவிடச் சொல்கிறார் அத்தை.

கொடுக்க வேண்டாம். பயப்படுவது டாக்ஸோபிளாஸ்மா என்ற கிருமிக்கு. பூனையின் மலத்தில் வெளிவந்தாலும் அது தொற்றுகிற நிலைக்கு வர ஒரு நாளாவது ஆகும். ஆகவே மணல் தட்டைத் தினமும் சுத்தம் செய்ய வேண்டும். நீங்கள் அல்ல, உங்கள் கணவர். வேகாத இறைச்சியும் கழுவாத கீரையும் தோட்ட மண்ணும்தான் கூடுதல் கவனம் வேண்டியவை. அத்தையிடம் டாக்டர் சொன்னதாகவே சொல்லுங்கள், நான் சொன்னதாக வேண்டாம்.

அந்தேரியிலிருந்து: பூனைக்கு உடம்பு சுடுகிறது. கால் மாத்திரை பாரசிட்டமால்?

கூடவே கூடாது! அதை முறிக்கும் சக்தி பூனையின் கல்லீரலுக்கு இல்லை. ஒரு மாத்திரையே கொல்லும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் இதைப் படிப்பதை விட்டுவிட்டுக் கிளம்புங்கள்.

இதோடு ஒன்று. ஆஸ்பத்திரியிலிருந்து வீடு திரும்பியவருக்கு உறவினர்கள் கொண்டுவரும் பூங்கொத்தில் லில்லி இருந்தால் வாசலிலேயே எடுத்துவிடுங்கள். அதன் மகரந்தத்தை நக்கினாலும், குவளைத் தண்ணீரைக் குடித்தாலும் பூனையின் சிறுநீரகம் போய்விடும். நம் சம்பங்கி அந்த இனம் அல்ல.

செம்பூரிலிருந்தே: பன்னிரண்டு வருடமாகச் சாதுவாக இருந்த பூனை இப்போது தொட்டாலே கடிக்கிறது. வயதானால் குணம் மாறுமா? இன்னொன்று, என் இதய டாக்டரிடம் போகிற நாளும் அதன் நாளும் மோதினால் எதை விடுவது?

குணம் மாறாது அம்மா. குணம் என்று நாம் சொல்வதில் பாதி வலி, மீதி பயம். பல், இடுப்பு மூட்டு, முதுகு இவற்றை முதலில் பார்க்கச் சொல்லுங்கள். தட்டு நிறையத் தின்றும் இளைத்து, இரவெல்லாம் கத்திக்கொண்டு, சிடுசிடுத்தால் தைராய்டு அதிகம் சுரப்பதாக இருக்கலாம். வயதான பூனைகளில் அடிக்கடி வருவது, ரத்தத்தில் டி4 என்ற தைராய்டு சுரப்பைப் பார்த்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். மிளகு என்னை அடிக்க ஆரம்பித்தபோது ஆறு மாதம் அவளைத் திமிர் பிடித்தவள் என்று திட்டினேன். கடைவாய்ப் பல் இரண்டு அழுகியிருந்தன. பிடுங்கிய மறுவாரம் மடிக்கு வந்துவிட்டாள். அந்த ஆறு மாதத்தை நினைத்தால் இன்னும் கூசுகிறது.

இரண்டாவது கேள்வி. நான்கு வருடம் முன்பு விழித்திரைப் பரிசோதனைக்கு இரண்டு மாதம் காத்திருந்து நேரம் வாங்கியிருந்தேன். அன்று காலை தாசில்தார் மணல் தட்டில் உட்கார்வதும் எழுவதுமாக இருந்தான். மலச்சிக்கல் என்று நினைத்துப் புடவை கட்டிக்கொண்டிருந்தேன். நான்காம் முறை உட்கார்ந்து அடித்தொண்டையில் ஒரு சத்தம் போட்டான். தட்டைப் பார்த்தேன், ஒரு சொட்டு ஈரம் இல்லை. ஆண் பூனைக்குச் சிறுநீர்க் குழாய் குறுகல், அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிர் போய்விடும்.

என் டாக்டருக்குப் போன் செய்து நேரத்தை மாற்றிவிட்டு டாக்சி பிடித்தேன். குழாய் போட்டு அடைப்பை எடுத்தார்கள், மூன்று நாள் அங்கேயே இருந்தான். பரேலில் கே.இ.எம்., டாடா நினைவு மருத்துவமனை, வாடியா இருக்கும் வட்டாரத்திலேயே 1886-இல் தொடங்கிய கால்நடை மருத்துவக் கல்லூரியும் பாய் சாகர்பாய் தின்ஷா பெட்டிட் விலங்கு மருத்துவமனையும் இருப்பது எனக்கு அந்த வாரம்தான் வசதியாகப் பட்டது. வியாழக்கிழமை அவனைப் பார்த்துவிட்டு நடந்தே போய் என் கண்ணைக் காட்டினேன்.

ஆகவே கணக்கு இப்படி. சிறுநீர் வராத ஆண் பூனை, வாய் திறந்து மூச்சு வாங்குகிற பூனை, இரண்டு நாளாக எதுவும் தின்னாத பூனை: இவை காத்திருக்காது. வருடாந்திரத் தடுப்பூசியும் நகம் வெட்டுவதும் காத்திருக்கும். உங்கள் பக்கம், மாதாந்திரச் சோதனை ஒரு வாரம் தள்ளும்; நெஞ்சு வலி பூனைக்காகக்கூட ஒரு மணி நேரம் தள்ளாது. பக்கத்து வீட்டில் ஒருவருக்குச் சாவி கொடுத்து, பூனைக்குப் பழக்கியும் வையுங்கள்.

சயானிலிருந்து: அடுத்த வாரம் கண்புரை அறுவை சிகிச்சை. பூனை இரவில் என் முகத்தில்தான் தூங்கும்.

இன்று இரவே படுக்கையறைக் கதவைச் சாத்தத் தொடங்குங்கள். அறுவை முடிந்த அன்று தொடங்கினால் கதவைப் பிராண்டும் சத்தத்தில் நீங்களே எழுந்து திறந்துவிடுவீர்கள். நகத்தை முந்தின நாள் வெட்டிவிடுங்கள். கண்ணுக்குப் பிளாஸ்டிக் மூடி கொடுப்பார்கள், சொன்ன நாள்கள் வரை இரவில் கட்டிக்கொள்ளுங்கள். சொட்டு மருந்து விடும் முன் சோப்புப் போட்டுக் கை கழுவுங்கள். மணல் தூசி கண்ணுக்கு ஆகாது, குனிவதும் ஆகாது. தட்டைச் சுத்தம் செய்ய மகனைப் பழக்குங்கள். இந்த ஞாயிற்றுக்கிழமையே தொடங்கினால் ஒரு வாரத்தில் பழகிவிடுவான். பூனைக்குத்தான் இரண்டு வாரம் ஆகும்.