முற்றத்துக்குக் கூரை போடலாம், வெக்கை வெளியேற வழி விட்டு

கும்பகோணத்திலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "எங்களுடையது பழைய வீடு. 16 அடி அகலம், 60 அடி நீளம், கிழக்குப் பார்த்த வாசல். இரண்டு பக்கமும் பொதுச்சுவர். நடுவில் 8க்கு 10 அடி முற்றம் இருப்பதால்தான் கூடத்துக்கு வெளிச்சமே வருகிறது. ஆனால் மழை பெய்தால் தாழ்வாரம் முழுக்க நனைகிறது, குரங்குத் தொல்லை வேறு. வெல்டிங் பட்டறைக்காரர் நீல நிற பாலிகார்பனேட் ஷீட் போட்டு முழுதாக மூடிவிடலாம் என்கிறார். வெக்கை ஏறுமா? மாடிப்படியும் பகலிலேயே இருட்டு. மேற்குச் சுவரில் கண்ணாடிச் செங்கல் வைக்கலாமா? முற்றத்துத் துளசி பிழைக்குமா?"

கூரை போடலாம். ஆனால் முழுதாக மூடாதீர்கள், நீல ஷீட்டும் வேண்டாம். மேற்குச் சுவர் யோசனையையும் கைவிடுங்கள். ஏன் என்று சொல்கிறேன்.

ஒளி ஊடுருவும் கூரை என்றதும் எல்லோரும் முதலில் எந்த ஷீட், என்ன நிறம், என்ன விலை என்றுதான் பேச ஆரம்பிக்கிறார்கள். நம் ஊர் வெயிலுக்கு வெளிச்சம் ஒரு பிரச்சினையே இல்லை, அது தேவைக்கு மேல் கொட்டிக் கிடக்கிறது. அதோடு சேர்ந்து உள்ளே வரும் சூடு எந்த வழியாக வெளியே போகும் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். ஷீட் தேர்வு அதற்குப் பிறகுதான்.

உங்கள் முற்றம் 80 சதுர அடி, அதாவது சுமார் 7.4 சதுர மீட்டர். சித்திரை மாத உச்சி வெயிலில் ஒரு சதுர மீட்டருக்கு ஏறக்குறைய 1,000 வாட் வெப்பம் விழுகிறது. தெளிவான ஷீட் போட்டால் அதில் முக்கால் பங்குக்குக் கொஞ்சம் குறைவாக உள்ளே வரும். மொத்தம் 5 கிலோவாட்டைத் தாண்டிவிடும். 1.5 டன் ஏசி ஒன்று முழு வேகத்தில் ஓடினால் வெளியேற்றக்கூடிய சூடு கிட்டத்தட்ட அதே அளவுதான். முற்றத்தை ஷீட்டால் அடைத்துவிட்டு, கூடத்தில் ஏசி போட்டு அதைச் சமாளிக்கலாம் என்று நினைப்பவர்களுக்காகவே இந்தக் கணக்கைச் சொல்கிறேன்.

"இப்போதும் அதே வெயில் திறந்த முற்றத்தில் விழத்தானே செய்கிறது?" என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. இப்போது தரை சூடானால் அதை ஒட்டிய காற்றும் சூடாகி நேராக மேலே போய்விடுகிறது. அந்த இடத்தை நிரப்ப வாசல் பக்கமிருந்தும் கொல்லைப் பக்கமிருந்தும் காற்று உள்ளே இழுக்கப்படுகிறது. பழைய வீடுகளில் மின்விசிறி இல்லாமலே ஒரு காற்றோட்டம் இருந்ததற்கு இதுவும் ஒரு காரணம். ஷீட்டால் அடைத்தால் இந்த ஓட்டம் நின்றுவிடும். போதாததற்கு, பாலிகார்பனேட் வெயிலை உள்ளே விடுமே தவிர, சூடான தரையும் சுவரும் திருப்பி வீசும் வெப்பக் கதிரை வெளியே விடாது. மதியம் மூன்று மணிக்குக் கூடத்தில் உட்கார முடியாது.

ஆகவே கூரையைக் கைப்பிடிச்சுவர் மேலேயே படிய வைக்காமல், நான்கு பக்கமும் குறைந்தது ஒன்றரை அடி தூக்கிப் போடச் சொல்லுங்கள். முற்றத்தின் சுற்றளவு 36 அடி. ஒன்றரை அடி இடைவெளி என்றால் 54 சதுர அடி காற்றுவழி கிடைக்கிறது. முற்றத்தின் பரப்பில் இது மூன்றில் இரண்டு பங்கு, நல்ல அளவு. இந்த இடைவெளிக்குக் கம்பிவலை அடித்துவிட்டால் குரங்கு வராது. அங்கே கொசுவலை கட்ட வேண்டாம், காற்றைக் கணிசமாக மறிக்கும், ஒரே வருடத்தில் தூசி அடைத்துவிடும். கொசுவுக்குக் கீழே அறை ஜன்னல்களில் வலை அடித்துக்கொள்ளுங்கள்.

சாரலுக்கு ஒரு எளிய வழி இருக்கிறது. இடைவெளி எவ்வளவோ அதைவிடக் கூடுதலாகக் கூரை வெளியே நீள வேண்டும். ஒன்றரை அடி இடைவெளிக்கு இரண்டு அடி நீட்டம் வைத்தால் ஐப்பசி மழையில் தாழ்வாரம் நனையாது. புயல் மழையில் கொஞ்சம் தெறிக்கும், அதற்குப் பழைய முற்றத்துத் தண்ணீர்ப் போக்கியை அப்படியே விட்டுவைத்தால் போதும். சிமென்ட் பூசி அதை அடைத்துவிடாதீர்கள்.

சென்னை சேப்பாக்கம் மைதானத்தில் 2011-ல் கட்டிய புதிய பார்வையாளர் மாடங்களைப் பார்த்திருப்பீர்கள். மேலே ஒளி கசியும் வெள்ளைத் துணிக்கூரை, பக்கவாட்டில் கடற்காற்று புகத் திறந்த வெளி. உங்கள் முற்றத்துக்கும் அந்த ஏற்பாடுதான் வேண்டும், அளவு மட்டும்தான் வேறு.

சரி, இப்போது ஷீட்டுக்கு வருவோம். நீலம், பச்சை இரண்டும் வேண்டவே வேண்டாம். கீழே இருக்கும் முகம், துணி, சோறு எல்லாவற்றின் நிறமும் மாறித் தெரியும். ஒரு வாரத்தில் எரிச்சல் வந்துவிடும். தெளிவான ஷீட்டும் உங்கள் வீட்டுக்குச் சரிவராது. நேர் வெயில் கட்டம் கட்டமாகத் தரையில் விழும். அந்த இடம் கண் கூசும், பக்கத்துத் தாழ்வாரம் அதனாலேயே இன்னும் இருட்டாகத் தெரியும். உங்களுக்கு ஏற்றது கடையில் 'ஓபல்' என்று சொல்லும் பால் வெள்ளை ஷீட். ஏறக்குறைய பாதி ஒளியைத்தான் விடும், ஆனால் அதை எல்லாத் திசைக்கும் சிதறடித்து அனுப்பும். கூடத்தின் மூலைக்கு வெளிச்சம் போவது அந்தச் சிதறலால்தான்.

பாதி ஒளி போதுமா என்று சந்தேகம் வேண்டாம். முழுக் கூரைக்கும்கூட அது தேவையில்லை. நடுவில் 4 அடி அகலம், 10 அடி நீளம் மட்டும் பால் வெள்ளை ஷீட் போடுவதாக வைத்துக்கொள்ளுங்கள், 3.7 சதுர மீட்டர். மேகமூட்டமான பகலில் திறந்த வானத்தின் கீழ் சுமார் 10,000 லக்ஸ், அதாவது ஒரு சதுர மீட்டருக்கு 10,000 லூமன் வெளிச்சம் இருக்கும். அதில் பாதி உள்ளே வந்தால் 18,500 லூமன். 20 வாட் எல்இடி டியூப்லைட் ஒன்று 2,000 லூமன் தரும். மேகம் மூடிய நாளிலேயே ஒன்பது டியூப்லைட் வெளிச்சம்! நல்ல வெயிலில் இது பத்து மடங்கு. மீதிப் பரப்புக்கும் வெளி நீட்டத்துக்கும் ஒளி விடாத பஃப் பேனல் போடுங்கள், நடுவில் நுரை வைத்த அந்தத் தகடு சூட்டை நன்றாகத் தடுக்கும். உள்ளே வரும் வெப்பம் 5 கிலோவாட்டிலிருந்து 2 கிலோவாட்டுக்கும் கீழே இறங்கிவிடும், அதையும் பக்கத்து இடைவெளி வெளியேற்றிவிடும். இரண்டு ஷீட்டும் சேரும் இடத்தில் அலுமினியத் தகடு மடித்து மூட வேண்டும், தண்ணீர் ஒழுகினால் முதலில் அங்கேதான் ஒழுகும்.

ஓட்டு வீட்டு அடுப்படியில் இரண்டு கண்ணாடி ஓடு மட்டும் வைத்து நம் பெரியவர்கள் பகல் முழுக்கச் சமைத்தார்களே, அவர்களுக்கு இந்தக் கணக்கு அனுபவத்திலேயே தெரிந்திருந்தது.

கடையில் ஓர் உள்ளங்கை அகலத் துண்டு வாங்கி வந்து மொட்டைமாடியில் உச்சி வெயிலில் பிடித்துப் பாருங்கள். கீழே ஒரு வெள்ளைத் தாள், அதற்கு ஒரு சாண் மேலே ஒரு பென்சில், அதற்கும் மேலே ஷீட். தாளில் பென்சிலின் நிழல் கூர்மையாக விழுந்தால் அந்த ஷீட் ஒளியைச் சிதறடிக்கவில்லை. நிழல் மங்கிக் கரைந்தால் நல்ல ஷீட். பெயரைப் பார்த்து வாங்குவதைவிட இது நம்பகமானது.

மலிவாகக் கிடைக்கும் ஃபைபர் ஷீட்டை இரண்டு மூன்று வருடப் பந்தலுக்கு வைத்துக்கொள்ளலாம். வெயிலில் மேல்பூச்சு தேய்ந்து இழைகள் வெளியே தெரியும், பழுப்பேறும், தூசி ஒட்டும். வீட்டுக் கூரைக்கு அதைச் சொல்ல மாட்டேன். கண்ணாடிதான் வேண்டும் என்றால், இரண்டு கண்ணாடிக்கு நடுவே படலம் வைத்து ஒட்டிய லேமினேட்டட் கண்ணாடியாக இருக்க வேண்டும். தலைக்கு மேல் வெறும் டஃபன்டு கண்ணாடி போடக்கூடாது, உடைந்தால் மொத்தமும் கீழே கொட்டும்.

பாலிகார்பனேட் கெட்டுப்போனது என்று வரும் புகார்களில் பெரும்பாலானவை பொருத்திய விதத்தில் போய் முடிகின்றன. நீங்கள் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டிய இடம் இதுதான். இந்த ஷீட்டின் ஒரு பக்கத்தில்தான் பெரும்பாலும் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யூவி பூச்சு இருக்கும், அந்தப் பக்கம் வானத்தைப் பார்க்க வேண்டும். எது என்பதை மேலே ஒட்டியிருக்கும் அச்சிட்ட படலம் சொல்லும். படலத்தை முன்னாடியே உரித்துவிட்டு எது மேல், எது கீழ் என்று தெரியாமல் மாட்டினால், சில வருடங்களில் ஷீட் மஞ்சளாகி நொறுங்கத் தொடங்கும். மாட்டிய அன்றே படலத்தை உரித்தும் விட வேண்டும், வெயிலில் காய்ந்துவிட்டால் பிறகு வராது.

அடுத்தது நீட்சி. பாலிகார்பனேட் சூட்டில் இரும்பைவிட ஐந்து மடங்கு நீளும். 12 அடி ஷீட் விடியற்காலைக்கும் உச்சி வெயிலுக்கும் நடுவே கிட்டத்தட்ட ஒரு செ.மீ. வரை கூடிக் குறையும். திருகாணி அளவுக்கே துளை போட்டு இறுக்கினால் ஷீட் மதியம் படபடவென்று சத்தம் போடும், அப்புறம் துளையிலிருந்து விரிசல் விடும். துளை பெரிதாக இருக்க வேண்டும், வாஷர் இபிடிஎம் ரப்பராக இருக்க வேண்டும். பிவிசி வாஷரில் இருக்கும் மென்மையாக்கும் ரசாயனம் பாலிகார்பனேட்டை அரித்துவிடும். ஷீட் படியும் இரும்புக் குழாயின் மேல்பக்கத்துக்கு வெள்ளை பெயின்ட் அடிக்கச் சொல்லுங்கள். கறுப்பு இரும்பு சூடேறி ஷீட்டைத் தொட்ட இடத்தில் கெடுக்கும்.

உள்ளே குழல் குழலாக இருக்கும் ஷீட் என்றால் அந்தக் குழல்கள் சரிவின் திசையில் ஓட வேண்டும். மேல் முனையை அலுமினிய டேப்பால் அடைத்துவிட்டு, கீழ் முனைக்குக் காற்று போகும் துளை டேப் ஒட்ட வேண்டும். இல்லையென்றால் உள்ளே ஈரம் தங்கிப் பாசி பிடிக்கும், அதைக் கழுவ வழியே இல்லை. சரிவு அடிக்கு ஓர் அங்குலமாவது வேண்டும். 2018 கஜா புயலில் டெல்டாவில் எத்தனை கூரை பறந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தூக்கிப் போட்ட கூரைக்குக் கீழே புகும் காற்று அதை மேலே தள்ளும். கால்களைப் பழைய சுண்ணாம்புச் சுவரில் போல்ட் அடித்து நிறுத்தாமல், கைப்பிடிச்சுவர் மேல் சுற்றிலும் ஒரு கான்கிரீட் பட்டை போட்டு அதில் பதிக்க வேண்டும். இதை மட்டும் ஒரு பொறியாளர் நேரில் வந்து பார்த்துச் சொல்லட்டும்.

மேற்குச் சுவருக்கு வருகிறேன். மதியம் மூன்று மணிக்கு மேல் வெயில் தாழ்ந்து வந்து மேற்குச் சுவரில் நேருக்கு நேர் அடிக்கும். சன்ஷேட் அதைத் தடுக்காது. கண்ணாடிச் செங்கல் பார்வையை மறைக்குமே தவிர வெப்பத்தைப் பெரிதாக மறைக்காது. மாடிப்படி சூடானால் அந்தச் சூடு அப்படியே மேல்மாடிக்கு ஏறும். அதற்குப் பதில் மொட்டைமாடியில் படிக்கட்டு அறையின் வடக்குச் சுவரைப் பயன்படுத்துங்கள். கும்பகோணம் ஏறக்குறைய 11 டிகிரி வட அட்சத்தில் இருக்கிறது. சித்திரைத் தொடக்கத்திலும் ஆவணியிலும் சூரியன் நேர் உச்சிக்கு வரும், அந்த இடைப்பட்ட மாதங்களில் மட்டும் வடக்கே கொஞ்சம் சாயும். ஓர் அடி சன்ஷேட் வைத்தால் உச்சி வெயிலைத் தடுத்துவிடும். வருடத்தின் மற்ற மாதங்களில் வடக்கிலிருந்து நேர் வெயில் இல்லாத நிதானமான வெளிச்சம் கிடைக்கும்.

அங்கே வழக்கமான 19 செ.மீ. கண்ணாடிச் செங்கல் வைத்தால் ஒரு சதுர மீட்டருக்கு 25 பிடிக்கும், உங்கள் படிக்கு அந்த ஒரு சதுர மீட்டரே தாராளம். கண்ணாடிச் செங்கல் பாரம் தாங்காது, மேலே லின்டல் கட்டாயம். சில வரிசைகளுக்கு ஒரு முறை மெல்லிய கம்பி ஓட வேண்டும், மேல்புறத்திலும் பக்கங்களிலும் நீட்சிக்கு இடம் விட வேண்டும். வடக்குச் சுவர் அண்டை வீட்டு எல்லையில் இருப்பதால் முதலில் அவர்களிடம் பேசுங்கள், உள்ளாட்சி விதியையும் பாருங்கள். நாளைக்கு அவர்கள் மாடி எழுப்பினால் வெளிச்சம் போய்விடும். அந்த வாய்ப்பு இருந்தால் சுவரை விட்டுவிட்டு, படிக்கட்டு அறையின் கூரையிலேயே இரண்டடிச் சதுரத்தில் பால் வெள்ளை ஷீட் போட்டுக்கொள்ளலாம்.

துளசிக்கு நேர் வெயில் பிடிக்கும். பால் வெள்ளை ஷீட்டுக்குக் கீழே செத்துவிடாது, ஆனால் தண்டு நீண்டு இலை குறையும். மழையும் விழாது, தினமும் நீங்கள்தான் தண்ணீர் விட வேண்டும். இரண்டு தொட்டியில் வளர்த்து, வாரம் ஒன்றாக மொட்டைமாடிக்கும் மாடத்துக்கும் மாற்றி வைத்தால் செழிப்பாக இருக்கும்.

பட்டறைக்காரரிடம் விலைப்பட்டியல் வாங்கும்போது ஷீட்டின் தடிமனோடு எடையையும் எழுதித் தரச் சொல்லுங்கள். உள்ளே குழல் உள்ள 10 மி.மீ. இரட்டைச் சுவர் ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு 1.7 கிலோ, 6 மி.மீ. என்றால் 1.3 கிலோ இருக்க வேண்டும். தடிமன் சரியாக இருந்தாலும் குழலின் சுவரை மெல்லியதாக்கி எடையில் குறைத்த ஷீட்டுகள் சந்தையில் உண்டு, கண்ணால் பார்த்தால் தெரியாது. வந்து இறங்கியதும் ஒரு ஷீட்டைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, அப்புறம் மீதிப் பணத்தைக் கொடுங்கள்.