தேக்கில் விழுந்த கருப்பு: இழைப்பதா, கழுவுவதா?

கேள்வி: எங்கள் வீட்டுத் தேக்கு ஊஞ்சல் பலகையின் பழைய பாலிஷை எடுத்துவிட்டு, புதிதாகப் போடுவதற்குள் மழை பிடித்துக்கொண்டது. இரண்டு நாள் நனைந்ததில் இரும்பு வளையம் மாட்டிய நான்கு இடத்திலும் மை கொட்டினாற்போல் கருப்பு. இழைத்துத்தான் எடுக்க வேண்டும் என்கிறார் ஆசாரி. ஹார்டுவேர் கடையில் ப்ளீச்சிங் பவுடர் வாங்கச் சொல்கிறார்கள். எதைச் செய்வது?
(வாசகி, கும்பகோணம்)

பதில்: இரண்டுமே வேண்டாம். மை கொட்டினாற்போல் என்று எழுதியிருக்கிறீர்கள். உண்மையிலேயே அது மைதான். மரத்தில் இருக்கும் டானின் என்ற துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் சேர்ந்தால் கருநீலம் பிறக்கும். கடுக்காயும் இரும்பும் சேர்த்து மை காய்ச்சியதும், கலம்காரித் துணியில் கருப்பு ஏற்றுவதும் இதே வழியில்தான். கருவேலத்தில் டானின் அதிகம், அதில் இன்னும் அழுத்தமாகவே பிடிக்கும்.

இந்தக் கறை ஈரத்தோடு உள்ளே இறங்கியிருக்கும். இழைக்க இழைக்கப் பலகை பள்ளமாகுமே தவிர, கருப்பு முழுதாகப் போகாது. ப்ளீச்சிங் பவுடர் பூஞ்சைக்குச் சரி, இரும்புக் கறைக்கு உதவாது.

முதலில் கறையின் ஓரத்தில் இரண்டு சொட்டு எலுமிச்சைச் சாறு விட்டுப் பாருங்கள். சில நிமிடத்தில் கருப்பு வெளிறி, அடியில் தேக்கின் பழுப்பு எட்டிப் பார்த்தால் இரும்புக் கறை என்று உறுதி.

வாங்க வேண்டியது ஆக்ஸாலிக் ஆசிட். மொசைக், மார்பிள் தரைக்கு பாலிஷ் போடுகிறவர்கள் பயன்படுத்தும் அதே வெள்ளைத் தூள்தான், கெமிக்கல் கடையில் கிடைக்கும். 100 கிராம் போதும். பாத்ரூம் கழுவும் ஆசிட்டை 'எல்லாம் ஒன்றுதான்' என்று கொடுத்தால் வாங்காதீர்கள், அது வேறு.

வளையங்களைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் வாளியில் அரை லிட்டர் வெந்நீருக்கு 50 கிராம் கரைத்து, கறையில் மட்டும் இல்லாமல் பலகை முழுக்கத் தடவுங்கள். கறை மேல் மட்டும் தடவினால் அந்த இடம் தனியாக வெளுத்துத் தெரியும். காயட்டும். கருப்பு மிச்சம் இருந்தால் இன்னொரு முறை. அப்புறம் நல்ல தண்ணீரில் மூன்று முறை துடைத்து, கடைசியில் கொஞ்சம் ஆப்ப சோடா கரைத்த தண்ணீரால் ஒரு முறை துடைத்து, மறுபடி நல்ல தண்ணீர். நன்றாகக் காய்ந்த பிறகே பாலிஷ்.

ஆக்ஸாலிக் ஆசிட் விஷம், அதில் கவனமாக இருங்கள். கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். காய்ந்து படியும் வெள்ளைப் பொடியைத் தேய்க்கவோ ஊதவோ கூடாது, மூக்கையும் தொண்டையையும் அரித்துவிடும். ஈரத்துணியால்தான் எடுக்க வேண்டும். ப்ளீச்சிங் பவுடர் பக்கமே கொண்டுபோகாதீர்கள், இரண்டும் சேர்ந்தால் நச்சு வாயு வரும். மிச்சத் தூளைச் சமையலறையில் வைக்க வேண்டாம். பார்ப்பதற்குச் சர்க்கரை மாதிரியே இருக்கும்.

பழைய இரும்பு வளையத்தையே திரும்ப மாட்டினால் அடுத்த மழைக்கு அதே கருப்பு வரும். பித்தளைக்கு மாற்றிவிடுங்கள். மரத்தைத் தேய்க்க இரும்பு நாரும் கூடாது. அதன் துகள் ஒன்று தங்கினாலும் ஈரம் பட்டதும் புள்ளியாகும்.

கேள்வி: ஆறு மாதம் முன் வாங்கிய தேக்கு டைனிங் டேபிளில் ஸ்க்ரூ தலைகளைச் சுற்றிக் கருப்பு. கடைக்காரர் 'மரத்தின் குணம்' என்கிறார். ஸ்க்ரூ எல்லாம் எஸ்.எஸ். (ஸ்டெயின்லெஸ் ஸ்டீல்) என்று சொல்லித்தான் விற்றார்.
(வாசகர், மதுரை)

பதில்: மரத்தின் குணம் பாதி, ஸ்க்ரூவின் குணம் பாதி. ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள். 304 ரக எஸ்.எஸ். என்றால் ஒட்டாது, ஒட்டினாலும் லேசாகத்தான். கெட்டியாகப் பிடித்தால் அது 304 இல்லை. பெரும்பாலும் துத்தநாகப் பூச்சு போட்ட சாதா இரும்பாகத்தான் இருக்கும். பில்லில் எஸ்.எஸ். என்று எழுதியிருக்கிறதா? இருந்தால் படம் எடுத்து, ஸ்க்ரூவை மாற்றிக் கறையையும் எடுத்துத் தரும்படி எழுத்தில் கேளுங்கள். மசியவில்லை என்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் கொடுக்க இரண்டு வருடம் அவகாசம் உண்டு.

மேல்பலகை வெனீர் (பிளைவுட் மேல் ஒட்டும் மெல்லிய தேக்குத் தகடு) ஒட்டியதா என்றும் பாருங்கள். வெனீர் என்றால் உப்புத்தாள் போடவே விடாதீர்கள். அரை மில்லிமீட்டர் கூட இருக்காது, நாலு இழுப்பில் அடியில் இருக்கும் பிளைவுட் தெரிந்துவிடும்.