முன்னொட்டு ஒரு சொல்லின் பொருளை எப்படி மாற்றுகிறது?

சொல்லின் முன்னால் ஒட்டிக்கொண்டு அதன் பொருளை மாற்றும் சிறு உறுப்புதான் முன்னொட்டு. தமிழ் பெரும்பாலும் பின்னொட்டு மொழி. ‘வீடு’ என்பதை ‘வீட்டில்’, ‘வீட்டுக்கு’ என்று பின்னால்தான் நீட்டுகிறோம். எதிர்ப்பொருள் தரும் முன்னொட்டுகள் அநேகமாக வடமொழியிலிருந்து வந்தவை: நீதி–அநீதி போல. ஆனால் பயன்–நிஷ்பயன் என்று எல்லாவற்றுக்கும் ஒட்டிவிட முடியாது; ‘நிஷ்பயன்’ வழக்கிலேயே இல்லை, ‘பயனற்ற’ என்றுதான் சொல்வோம்.

இப்போது எழுதிய ‘அநேகம்’ என்ற சொல்லையே பிரித்துப் பாருங்கள். ஏகம் என்றால் ஒன்று. உயிரெழுத்துக்கு முன் ‘அ’ என்பது ‘அன்’ ஆகும். ஆக, ‘ஒன்று அல்லாதது’, அதனால் பல! எனக்கு மிகவும் பிடித்த சொல் இது.

‘அவ’ இன்னும் சுவையானது. மானம் அவமானமாகிறது. ‘நம்பிக்கை’ என்ற தமிழ்ச்சொல்லோடும் சேர்ந்து அவநம்பிக்கை ஆகிறது. ஆனால் ‘அவ’ வந்தாலே கெட்டது என்று நினைக்க வேண்டாம். அதன் அடிப்படைப் பொருள் ‘கீழே’. அவதாரம் என்றால் கீழே இறங்கி வருதல்.

ஒன்றை மட்டும் கவனியுங்கள்: ‘அழகு’, ‘அமைதி’ ஆகியவற்றின் ‘அ’ முன்னொட்டு அல்ல. அதை நீக்கினால் மிஞ்சுவது தனிச்சொல்லாக நிற்காது.