பார்க்க ஒரு கருவி, படமெடுக்க இன்னொன்று

கேள்வி: கோள்களைக் கண்ணால் பார்க்கவும், நெபுலாக்கள் எனும் விண்வெளி வாயு, தூசு மேகங்களைப் படமெடுக்கவும் ஒரே தொலைநோக்கி போதுமா? 60 மி.மீ. வில்லை கொண்ட ஒரு கருவியின் பெட்டியில் 525 மடங்கு உருப்பெருக்கம் என்று அச்சிட்டிருக்கிறது, அதை வாங்கலாமா?

பதில்: அதை வாங்க வேண்டாம். வில்லையின் விட்டம் எத்தனை மில்லிமீட்டரோ, ஏறத்தாழ அதன் இரு மடங்குதான் பயனுள்ள உருப்பெருக்கத்தின் எல்லை. 60 மி.மீ. கருவியில் 120 மடங்கைத் தாண்டினால் உருவம் பெரிதாகி மங்குமே தவிர, புதிதாக எதுவும் புலப்படாது. முதலில் கேட்க வேண்டியது விட்டத்தைத்தான், 100 மி.மீ. கருவி திரட்டுவதைப் போல நான்கு மடங்கு ஒளியை 200 மி.மீ. கருவி திரட்டும். கண்ணால் பார்ப்பதற்கு 150 அல்லது 200 மி.மீ. ஆடி கொண்ட டாப்சோனியனையே, அதாவது கையால் மேலும் கீழும் பக்கவாட்டிலும் திருப்பும் எளிய தாங்கியில் அமர்ந்த ஆடித் தொலைநோக்கியையே, பரிந்துரைப்பேன். சனியின் வளையங்களும் வியாழனின் மேகப்பட்டைகளும் அதில் நன்றாகத் தெரியும்.

நெபுலாக்களைப் படமெடுக்க அது உதவாது. பூமி சுழல்வதால் விண்மீன்கள் விநாடிக்கு 15 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது ஒரு பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) வரை நகர்கின்றன. நெபுலாவின் மங்கலான ஒளியைச் சேர்க்கவோ கேமராவின் ஷட்டர் ஒவ்வொரு படத்துக்கும் பல விநாடிகள், சில வேளை நிமிடக்கணக்கில் திறந்திருக்க வேண்டும். அவ்வளவு நேரமும் வானத்தைப் பிசகாமல் பின்தொடர, பூமியின் அச்சுக்கு இணையாக நிறுத்தி மோட்டாரால் சுழற்றும் ஈக்வடோரியல் மவுண்ட் என்ற தாங்கி தேவை. டாப்சோனியனுக்கு மோட்டார் பூட்டினாலும், நேரம் செல்லச் செல்லக் காட்சி தன்னைத்தானே சுற்றிக்கொள்வதால், படத்தின் ஓரத்து விண்மீன்கள் வளைகோடுகளாக நீண்டுவிடும். ஆகவே படமெடுப்பதற்கென ஒதுக்கும் பணத்தில் பெரும்பங்கு தொலைநோக்கிக் குழாய்க்கு அல்ல, மவுண்டுக்கே போக வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்து, நல்ல குழாயை ஆடும் முக்காலியில் ஏற்றி மனம் தளர்ந்துவிடுவது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

உங்களிடம் டி.எஸ்.எல்.ஆர். கேமரா இருந்தால் படமெடுக்கத் தொலைநோக்கியே இப்போது வேண்டாம். வானத்தின் நகர்வுக்கேற்பக் கேமராவைத் திருப்பும் ஒரு சிறிய டிராக்கரும் 135 மி.மீ. லென்ஸும் போதும், ஆண்ட்ரோமெடா விண்மீன் பேரடை வானில் ஏறத்தாழ மூன்று பாகை, அதாவது ஆறு முழுநிலவுகளின் அகலம் விரிந்திருப்பதால், நீண்ட குவியத்தூரமுள்ள குழாயில் அது முழுமையாக அடங்குவதும் இல்லை. டிராக்கரும் இல்லையென்றால், 500-ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் வகுத்துக்கொள்ளுங்கள்: முழுச்சட்டக கேமராவில் (35 மி.மீ. ஃபிலிம் சட்டத்தின் அளவு சென்சார் உள்ளது) 20 மி.மீ. லென்ஸுக்கு 25 விநாடி வரை விண்மீன்கள் பெரிதாக இழுபடாது. நிலவுக்கு மட்டும் இந்த ஏற்பாடு எதுவும் தேவையில்லை. டாப்சோனியனின் கண்ணருகு வில்லையில் கைப்பேசியைப் பொருத்தினாலே பள்ளங்கள் துல்லியமாகப் பதியும்.