'ஆன்டிபெல்லம்': எந்தப் போருக்கு முன்?

கேள்வி: அமெரிக்கப் பயணக் கட்டுரைகளில் 'ஆன்டிபெல்லம் மாளிகை' என்று வருகிறது. பழங்கால மாளிகை என்று புரிந்துகொள்ளலாமா? 'லேடி ஆன்டிபெல்லம்' இசைக்குழு அந்தப் பெயரைக் கைவிட்டது ஏன்?
– வாசகர், திருச்சி

பதில்: வெறும் 'பழங்கால' என்று எடுத்துக்கொண்டால் பாதிப் பொருள் போய்விடும். லத்தீனில் 'ஆன்டே' என்றால் முன், 'பெல்லம்' போர். அமெரிக்கர்கள் இதைச் சொல்லும்போது மனத்தில் இருப்பது 1861 ஏப்ரலில் மூண்ட உள்நாட்டுப் போர். அதற்கு முந்தைய சில பத்தாண்டுகளை, அதுவும் பெரும்பாலும் தென்மாநிலங்களைப் பற்றிப் பேசும்போதுதான் இது வரும். 1920இல் கட்டிய வீட்டுக்கோ 1947க்கு முந்தைய இந்தியாவுக்கோ போடக் கூடாது. இரண்டாம் உலகப் போருக்கு முன் என்று சொல்ல 'ப்ரீ-வார்' இருக்கிறது.

லூசியானாவின் ஓக் ஆலி மாளிகையைப் பாருங்கள். 1830களின் இறுதியில் எழுந்தது. மாளிகையைச் சுற்றி 28 தூண்கள். முன்னால் இரு வரிசையில் 28 ஓக் மரங்கள். படத்தில் கண்ணைப் பறிக்கும். ஆனால் அது கரும்புத் தோட்ட முதலாளியின் வீடு. அங்கே உழைத்தவர்கள் அடிமைகள். 1860 கணக்கெடுப்பின்படி அமெரிக்காவில் அடிமைகள் 39 லட்சத்துக்கும் மேல். அந்த வாழ்வையும் சேர்த்துச் சுமக்கிற சொல் இது. அழகுக்காக மட்டும் எடுத்தாள்வது சரியல்ல என்பதே எங்கள் கருத்து.

அந்த இசைக்குழுவும் அத்தகைய பாணி வீடொன்றில் படமெடுத்தபோதுதான் பெயரைத் தேர்ந்ததாகச் சொன்னது. கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டு போலீஸ்காரர் ஒருவரால் கொல்லப்பட்ட பின், 2020 ஜூனில், அடிமைமுறையை நினைவூட்டுவதால் 'லேடி ஏ' என்று சுருக்கிக்கொண்டது. அதே பெயரில் ஏற்கெனவே பாடிவந்த சியாட்டில் ப்ளூஸ் பாடகி ஒருவர் இருந்ததால் விவகாரம் நீதிமன்றம் வரை போனது.

எழுத்துப்பிழை இங்கே சகஜம். ஆங்கிலத்தில் எழுதும்போது 'ஆன்டி'யின் கடைசி எழுத்து 'ஈ' (e). 'ஐ' (i) போட்டால் 'எதிரான' என்றாகி, போர் எதிர்ப்பு என்பது போலப் படும். காலை நேரத்துக்குப் போடும் 'ஏ.எம்.'மில் இருப்பதும் இதே 'ஆன்டே'தான்.

ஒப்பந்தங்களில் வரும் 'ஸ்டேட்டஸ் கோ ஆன்டே பெல்லம்' வேறு கதை. அங்கே எந்தப் போரும் பொருந்தும். போருக்கு முன்பிருந்த நிலைக்கே திரும்புவது என்று பொருள். 1966 ஜனவரியில் தாஷ்கண்டில் இந்தியாவும் பாகிஸ்தானும், 1965 ஆகஸ்ட் 5க்கு முன்பிருந்த இடங்களுக்குப் படைகளைத் திருப்பி அழைக்க ஒப்புக்கொண்டது அந்த வகை.