பழைய திகில் காமிக்ஸ் இன்று ஏன் பயமுறுத்துவதில்லை?

1950களின் அமெரிக்கத் திகில் காமிக்ஸைப் படித்தால் பயமே வரவில்லை, இதற்கா அன்று அத்தனை எதிர்ப்பு என்று கேட்டிருக்கிறீர்கள்.

பயம் வராததற்கு எழுத்தும் ஒரு காரணம். அன்று திகில் காமிக்ஸ் வெளியிட்ட ஈ.சி. நிறுவனத்தில் வசனத்தை முதலில் தாளில் எழுதிவிடுவார்கள். மிச்ச இடத்தில்தான் ஓவியர் வரைவார். பிணம் எழுந்து வருவதைப் படம் காட்டும்போதே, மேலே எழுத்தும் அதையே சொல்லிக்கொண்டிருக்கும். இன்றைய வாசகருக்கு அது இழுவை.

ஆனால் அன்று பத்து சென்ட்டுக்குச் சிறுவர்கள் கையில் கிடைத்த புத்தகம் அது. 1954 ஏப்ரலில் அமெரிக்க நாடாளுமன்ற மேலவையான செனட்டின் துணைக்குழு காமிக்ஸ் பற்றி நடத்திய விசாரணையில் காட்டப்பட்ட ஓர் அட்டையில், ஒருவன் ஒரு கையில் கோடாரியும் மறு கையில் வெட்டிய பெண் தலையுமாக நிற்கிறான். பெற்றோர் பதறியது நியாயம்தான். அந்த ஆண்டே பதிப்பாளர்கள் தாங்களாகவே கட்டுப்பாட்டு விதிகள் வகுத்தார்கள்: நடைப்பிணம் கூடாது, ரத்தக்காட்டேரி கூடாது, தலைப்பில் 'திகில்' என்ற சொல்கூடக் கூடாது.

அப்புறம், நம் திருநெல்வேலிப் பக்கம் கோயில் கொடை விழாவில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தக் கதைகள் பழக்கமானவை. அநியாயமாகச் செத்தவர் திரும்பி வந்து கணக்குத் தீர்ப்பார். அமெரிக்கக் கதை பழிவாங்கியதோடு முடிந்துவிடும். நம் ஊரில் செத்தவருக்குப் பீடம் போட்டு, படையல் வைத்து, வருஷாவருஷம் கும்பிடுவார்கள். எனக்கு நம் கதைகளே ஆழமாகத் தெரிகின்றன.

ஆனாலும் ஈ.சி. ஓவியர் கிரஹாம் இங்கல்ஸ் வரைந்த பக்கங்களை விட்டுவிடாதீர்கள். சதை உருகி வழிவது போன்ற அந்தக் கோடுகளை எழுத்தை மறந்து பாருங்கள், இன்றைக்கும் குலை நடுங்கும்.